மோட்டார் ரூமுக்கு நடந்து போங்க

வேப்பந்தட்டை பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். காட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். "ஐயா, சர்க்கரைக்கு டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்றாரு. காட்டுல பாடுபடுறவனுக்கு எதுக்குங்க வாக்கிங்?" என்றார். வாசகர்கள் பலரும் கேட்கிற கேள்விதான்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தினமும் ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்குச் சர்க்கரை எங்கே வரப்போகிறது என்று. 52 வயதில் வந்தது. யோசித்துப் பார்த்தால், சுற்றியது நான் இல்லை, என் வண்டி.

அவரிடம் கணக்குக் கேட்டேன். உழவு? டிராக்டர். களை? மருந்து அடித்தாயிற்று. தண்ணீர்? செல்போனை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. காட்டுக்கு வருவது? பைக். "அப்ப யாருங்க பாடுபடுறது?" என்றேன். சிரித்துக்கொண்டே, புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்த தன் சம்சாரத்தைப் பார்த்தார்.

அந்தம்மாவுக்கு நடை போதும்; இடுப்புதான் வலிக்கிறதாம். பருத்தி எடுக்கிறவர்கள், களை வெட்டுகிறவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மெல்லப் பின்பக்கம் வளைந்து ஐந்தாறு முறை நில்லுங்கள். கால் மரத்துப்போனாலோ, வலி கால் வரை இறங்கினாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும்.

அவருக்கு நான் சொன்னது வேறு. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு இருக்கக் கூடாது, அதுதான் வேகம். வீட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை அப்படி நடங்கள். பிறகு காட்டுக்குள் ஆங்கில 'டபிள்யூ' எழுத்துப் போல நிதானமாகப் போய் ஐந்து இடத்தில் குருத்தைப் பாருங்கள். 2018-ல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழு, வண்டியில் போகிறவன் கண்ணில் படாது. செருப்பில்லாமல் மட்டும் இறங்காதீர்கள். சர்க்கரைக்காரன் காலில் முள் குத்தினால் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் எப்போது நடப்பது, என்ன சாப்பிட்டுவிட்டு நடப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டையும் கேட்டார். எங்கள் அரியலூர் வீட்டில் அப்பா காலத்தில் வரகுச் சோறுதான். குத்திப் புடைப்பது பெரும்பாடு, அதனாலேயே நின்றுபோனது. இப்போது மில் இருக்கிறது. அதிகம் தீட்டாமல் அரைத்து வாங்குங்கள். நனைந்து பூஞ்சை பிடித்த வரகு விஷம், கழுவிச் சமைத்தாலும் வேண்டாம். வரகும் மாவுச்சத்துதான், குவித்துப் போட்டால் சர்க்கரை ஏறும். பாதித் தட்டு கீரையும் காயும், கால் தட்டு பயறு, மீதி சோறு. வீட்டில் இதற்கு நான் இன்னும் முழுசாகப் பழகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் அவரே போன் செய்தார். சர்க்கரை பற்றிப் பேச்சே இல்லை. "ஐயா, இன்னிக்கு நடந்து போனப்ப ஒரு இலையில பஞ்சு மாதிரி முட்டைக் குவியல் இருக்குங்க. என்ன மருந்து அடிக்கட்டும்?"

"மருந்து வேண்டாங்க. கையால நசுக்கிட்டு, அடுத்த வரிசைக்கு நடங்க" என்றேன்.