அயர்ன் பாக்ஸ் சில்லென்று இருந்தது

எனக்குத் துணி துவைத்துப் பழக்கமில்லை. எங்கள் வீட்டுக்கு எந்த வாஷிங் மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தவன் நான்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே நடந்ததில் பாதி புரிந்துவிடும். மறுபாதி கேவலமானது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தென்சென்னையில் ஓர் அடுக்ககத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறோம். துணியை மனைவி பிரித்துப் போடுவாள். வேலைக்கு வரும் அக்கா துவைப்பார். சட்டைக் காலரை எப்படித் தேய்ப்பது, பள்ளிச் சீருடையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எந்தச் சேலை சாயம் போகும், எல்லாம் அவர்கள் இருவருக்கும் தெரியும். என் சட்டை அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மனைவி கேட்டது செமி ஆட்டோமேட்டிக். "தண்ணி வராத அன்னைக்கு பக்கெட்ல மொண்டு ஊத்திக்கலாம். நடுவுல ஒரு துணி ஞாபகம் வந்தாலும் போட்டுக்கலாம்" என்றாள். அக்காவும் அதையே சொன்னார். அவர் வேலை பார்த்த இன்னொரு வீட்டில் அது இருந்தது. நான் இருவரையும் பார்த்துச் சிரித்தேன். நான் இன்ஜினியர். ஃபிரண்ட் லோடுக்குத் தண்ணீர் குறைவாகச் செலவாகும், நிமிடத்துக்கு 1400 சுற்றுச் சுற்றிப் பிழிந்தால் துணி சீக்கிரம் காயும், வெந்நீருக்கு உள்ளேயே ஹீட்டர் இருக்கிறது என்று கடைக்காரப் பையனுக்கே பாடம் நடத்தினேன். சொன்னதெல்லாம் சரிதான். அதனாலேயே என் திமிர் என் கண்ணுக்குப் படவில்லை.

துவைத்து, காயவும் வைத்துத் தரும் மெஷினை வாங்கினேன். 8 கிலோ துவைக்கும், 5 கிலோ காயவைக்கும். துணி உள்ளே புரண்டு விழுந்தால்தான் சூடான காற்று எல்லாப் பக்கமும் படும், அதற்கு இடம் வேண்டும், அதனால் இந்த வித்தியாசம். இரண்டு எண்ணும் மெஷின் மேலேயே ஒட்டியிருந்தன. எட்டு என் கண்ணில் பட்டது. ஐந்து படவில்லை. இன்னொன்றையும் விசாரிக்காமல் விட்டேன். இந்த வகை மெஷின்கள் பலவற்றில், சூடான காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கவும் குழாய்த் தண்ணீர்தான் ஓடுகிறது. துணியை நனைக்க மட்டுமல்ல, காயவைக்கவும் தண்ணீர் வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் அடுக்ககத்தில் கொண்டுவந்து இறக்கினேன்.

பொருத்திய அன்றே மெஷின் நின்றது. தண்ணீர் வரத்து போதவில்லை. 10 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டி தலைக்கு மேலேயே, மொட்டை மாடியில் இருக்கிறது. கீழ்த்தளத்துக் குழாயில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீர் எங்கள் குழாயில் நூலாக வரும். பள்ளிக்கூடப் பாடம் இது. மனைவி பக்கெட்டைப் பற்றிச் சொன்னபோது இதைத்தான் சொல்லியிருக்கிறாள். நான் பிரஷர் பம்ப் வாங்கி மாட்டினேன். "நீ சொன்னது சரி" என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

இதெல்லாம் பணத்தோடு போனவை. மற்றதைச் சொல்கிறேன்.

மெஷின் வந்த மாதமே அக்காவின் சம்பளத்தைக் குறைத்தேன். எங்கள் பகுதியில் பாத்திரத்துக்கு இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு. "துணிதான் இனிமே மெஷின்லயே ஆயிடுதே" என்று சொன்னது நான்தான். மனைவி பேசாமல் இருந்தாள். அவர் "சரிங்க சார்" என்றார். ஆனால் காலரைத் தேய்த்துப் போட்டது அவர். ஈரத் துணியை மாடிக்குத் தூக்கிப் போனது அவர். தூறல் விழுந்ததும் ஓடிப்போய் எடுத்துவந்து மடித்து வைத்ததும் அவர்தான். டிரையரை நாங்கள் அதிகம் ஓட்டவில்லை. இரண்டு மாதக் கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அப்போதைய கட்டணப்படி, தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. கீழே இருக்கும் சில யூனிட்டுகளின் சலுகையும் போய்விடும். ஒருமுறை தாண்டியதும் டிரையரை நிறுத்தி மாடிக்கொடிக்குத் திரும்பினோம். குறைத்த சம்பளத்தை மட்டும் நான் திருப்பவில்லை. எனக்கு அது நினைவிலேயே இல்லை என்று சொன்னால் பொய். நினைவில் இருந்தது. அவர் கேட்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு மச்சான் குடும்பமும் மாமியாரும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். சென்னையில் தீபாவளி பெரும்பாலும் மழையோடு வரும். எல்லோரும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். துவட்டிய துண்டுகள் ஒரு வாளி நிறையச் சேர்ந்தன. மறுநாள் காலை அக்கா வந்தார். வாளியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், எண்ணெத் துண்ட மெஷின்ல போடாதீங்க. சுடுதண்ணில சோடா போட்டு ஊறவெச்சு நான் கசக்கித் தரேன்."

துணிக்கான சம்பளத்தை வெட்டிய வீட்டில், சும்மா செய்து தருவதாகச் சொன்னார்.

"அதெல்லாம் மெஷின் பாத்துக்கும்" என்றேன். என் கையாலேயே போட்டேன். சீக்கிரம் முடியட்டும் என்று குறைந்த சூட்டில், சின்னத் துவைப்பில் போட்டேன். தொடர்ந்து டிரையரை வைத்தேன். மச்சானின் சட்டையைத் தேய்த்துத் தரும்படி அக்காவிடம் சொன்னேன். அது அவர் வேலையே இல்லை. அதையும் செய்தார். முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மச்சான் வீட்டாருக்கு மாலை ரயில். அவர்கள் பிள்ளைகளின் ஈரத் துணி இன்னும் பாக்கி. டிரையர் ஓடி முடிவதற்குள் நிறுத்தினேன். கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே சூடாக இருந்தால் அது பூட்டியே இருக்கும். அதற்கும் மெஷினைத் திட்டினேன். திறந்ததும், கை பொறுக்காத சூட்டில் இருந்த துண்டுகளை அள்ளி, மடிக்க வேண்டிய மற்றத் துணிகளோடு பிளாஸ்டிக் கூடையில் அமுக்கி, உள்ளறைக் கட்டில்மேல் வைத்துக் கதவைச் சாத்தினேன். அடுத்த துணியைப் போட்டேன்.

சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது நாற்றம் வந்தது. கதவைத் திறந்தால் அறை முழுக்கப் புகை. கூடை உருகி வழிந்திருந்தது. துண்டுகள் நடுவில் கருகிச் சிவந்து கனன்றன. மெத்தை பற்ற ஆரம்பித்திருந்தது. மச்சானும் நானும் தண்ணீரை ஊற்றினோம். பக்கத்து அறையில் படுத்திருந்த மாமியாருக்கு வீசிங் உண்டு. புகை அங்கேயும் போய்விட்டது. மூச்சுக்குத் திணறிய அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் வைத்தோம். ரயில் டிக்கெட் வீணாயிற்று.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னாலேயே அது நடந்தது. மனைவி புகையில் நின்றபடி, "எப்படிங்க?" என்று கேட்டாள். ஜன்னல் திட்டில் அயர்ன் பாக்ஸ் இருந்தது. அருகில் போனேன். அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. வயர் சுற்றி வைத்திருந்தது. பிளக் கழற்றியிருந்தது.

திரும்பி, "அயர்ன் பாக்ஸ அணைக்காம போயிருக்காங்க" என்றேன்.

எண்ணெய்தான் காரணம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. இது சத்தியம். ஆனால் அயர்ன் பாக்ஸ் காரணமில்லை என்று தெரியும். டிரையரைப் பாதியில் நிறுத்தியது நான் என்று தெரியும். சூட்டோடு கொண்டுவந்து வைத்தது நான் என்று தெரியும். மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷினைப் பற்றி முந்தின நாள் முழுக்க அவரிடம்தான் பீற்றியிருந்தேன். அவர் முன்னால் தலைகுனிய முடியவில்லை. காரணம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

மாலை அக்காவை வரச்சொன்னார்கள். "பிளக்கப் புடுங்கி, வயரச் சுத்தி வெச்சுட்டுத்தாம்மா போனேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "சரி விடுங்கக்கா. தெரியாம நடந்திருக்கும். யாரும் உங்கள ஒண்ணும் சொல்லல."

என் குற்றத்துக்கு நான் அவரை மன்னித்தேன். எல்லோர் முன்னாலும், பெரிய மனிதனாக. அவர் அழவில்லை. முகம் மட்டும் இறுகிவிட்டது. மறுநாளிலிருந்து வரவில்லை.

அதோடும் நிறுத்தவில்லை. அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் புகையைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டார்கள். "வேலை செய்பவர்கள் அயர்ன் பாக்ஸை அணைத்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியம் என்ன? எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு வீடுகள் அவரை நிறுத்திவிட்டன.

சில நாள் கழித்து மெஷினைப் பார்க்க மெக்கானிக் வந்தார். கதவு ரப்பரை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். "எண்ணெத் துணி போட்டீங்களா சார்? அதான். மசாஜ் சென்டர் லாண்டரில இப்படி ஆவும்" என்றார். அவர் போனபிறகு, அதுவரை பிரிக்காத கையேட்டைப் பிரித்தேன். சமையல் எண்ணெய் பட்ட துணியை வெந்நீரில் கூடுதல் சோப்புப் போட்டுத் துவைக்காமல் டிரையரில் போடாதே என்று ஓரிடத்தில் இருந்தது. டிரையரைப் பாதியில் நிறுத்தாதே, நிறுத்தினால் துணியை உடனே எடுத்து விரித்து ஆறவை என்று அடுத்த வரிகளில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அக்கா முதல் வரியை எனக்குச் சொல்லியிருந்தார்.

அறிவியல் கடினமானதே இல்லை. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவை ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படும். தேங்காயெண்ணெயில் அந்த அமிலங்கள் மிகக் குறைவு. விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். ஏற்கெனவே சூடான துணியைக் குவித்து அமுக்கினால் அது வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும், வினை வேகமெடுக்கச் சூடு இன்னும் ஏறும். பற்றவைக்க ஆள் தேவையில்லை. டிரையரின் கடைசி நிமிடங்களில் ஹீட்டர் அணைந்து துணி வெறும் காற்றில் சுழல்வது இதற்காகவும்தான். நான் வெட்டியது அந்த நிமிடங்களை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. முதல் பொய்யை அதிர்ச்சியில் சொன்னேன் என்று யாராவது எனக்காகப் பேசலாம். மெக்கானிக் போன பிறகு நான் காத்த மௌனத்துக்கு யாரும் பேச முடியாது. கையேட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். புதிதாக வேலைக்கு வந்தவரிடம் "அயர்ன் பாக்ஸ் பத்திரம்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

உண்மை வெளிவந்தது மனச்சாட்சியால் அல்ல. அடுத்த தீபாவளிக்கு மனைவி எண்ணெய்த் துண்டுகளை மெஷினில் போடப் போனாள். "வேண்டாம்" என்று கத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாள். இன்னொரு தடவை வீடு பற்றிவிடுமோ என்ற பயத்தில் சொன்னேன். அவள் கூச்சல் போடவில்லை. "அன்னைக்கே தெரியுமா?" என்றாள். "அயர்ன் பாக்ஸ் இல்லைன்னு தெரியும்" என்றேன். கையிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா வீட்டுக்குப் போலாம். இப்பவே" என்றாள்.

அக்கா எங்களை உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மன்னிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ரெண்டு வீட்லயும் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்லியிருக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கேயே குழுவில் எழுதினேன். "சென்ற ஆண்டு நடந்தது குறித்து ஒரு தவறான புரிதல் இருந்தது" என்று. மனைவி வாங்கிப் படித்தாள். "யாருக்குத் தவறான புரிதல்?" என்றாள். அழித்தேன். மறுபடி எழுதினேன்: தீ பிடிக்கக் காரணம் நான், எண்ணெய்த் துண்டுகளை டிரையரில் போட்டுச் சூட்டோடு குவித்தேன், அக்கா எச்சரித்தார், நான் கேட்கவில்லை, அவர்மேல் பொய் சொன்னேன். அதன் பிறகு குழுவில் வெகுநேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு வீட்டில் அவரை மறுபடி கூப்பிட்டார்கள். இன்னொரு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டிருந்தார்கள்.

மெஷின் வந்த நாளிலிருந்து துணிக்காகக் குறைத்த பணத்தைக் கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். அக்கா எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு, "அந்த ரெண்டு வீட்டுச் சம்பளம் சார்?" என்று கேட்டார். கேட்டது நியாயம். மாதாமாதம் கொடுத்து வருகிறேன், இன்னும் தீரவில்லை. எங்கள் வீட்டு வேலைக்கு அவர் வர மறுத்துவிட்டார்.