இடையே 2 மில்லிமீட்டர்

2012இல் கேனான் நிறுவனம் இஓஎஸ் எம் என்ற சின்னஞ்சிறு மிரர்லெஸ் கேமராவைக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் 2018இல் வந்த எம்50, வீடியோ எடுப்பவர்களும் ஊர் சுற்றுபவர்களும் விரும்பி வாங்கிய கேமரா. அதே 2018இல் அதே நிறுவனம் ஆர்எஃப் என்ற புதிய மவுண்ட்டுடன் (லென்ஸைப் பூட்டும் அமைப்பு) இஓஎஸ் ஆர் கேமராவையும் வெளியிட்டது. எம் வகையில் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் 18 மி.மீ.; ஆர்எஃப்பில் 20 மி.மீ. எம் லென்ஸை ஆர்எஃப் கேமராவில் போட வேண்டுமானால் அது வளையத்தைத் தாண்டி 2 மி.மீ. உள்ளே போய் உட்கார வேண்டும். அதற்கு எந்த அடாப்டரும் உதவாது. 2023இல் எம் வரிசையே முடிவுக்கு வந்தது.

சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து மூன்று நான்கு லென்ஸ் வாங்கியவருக்கு இது பெரிய இழப்பு. கேனானின் பழைய இஎஃப் லென்ஸ் வைத்திருப்பவர் நிலைமை வேறு. 1987இல் தொடங்கிய அந்த வகை லென்ஸ்கள், ஓர் அடாப்டர் போட்டால் புதிய ஆர்எஃப் கேமராவில் ஆட்டோஃபோகஸுடன் நன்றாகவே வேலை செய்கின்றன.

கடையில் பலரும் முதலில் கேட்பது மெகாபிக்சல் எத்தனை என்று. முதலில் கேட்க வேண்டியது மவுண்ட்டைப் பற்றித்தான். பாடி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பல பாடிகளைப் பார்த்துவிடும். வீட்டில் ஏற்கெனவே லென்ஸ் இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. 1959இல் பிறந்த நிக்கான் எஃப் மவுண்ட்டின் லென்ஸ்கள் பலவற்றை எஃப்டிஇசட் அடாப்டர் மூலம் இன்றைய இசட் கேமராக்களில் பூட்டலாம். ஆனால் பாடியில் உள்ள மோட்டாரை நம்பி ஓடிய பழைய லென்ஸ்களை அதில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

அடுத்த கேள்வி, எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பது. கல்யாண போட்டோகிராபருக்கு இரண்டு மெமரி கார்டு போடும் வசதி அவசியம். தாலி கட்டும் நொடி திரும்ப வராது. ஒரு கார்டு பழுதானால் மற்றதில் படம் இருக்க வேண்டும். 2018இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், நிக்கான் இசட்6, இசட்7 மூன்றிலும் ஒரே கார்டுக்குத்தான் இடம். அதே ஆண்டு வந்த சோனி ஏ7 III-இல் இரண்டு இருந்தன. மலைப்பாதையில் நடந்துகொண்டே படமெடுப்பவருக்கு அது பெரிய விஷயமே இல்லை.

பறவைப் படக்காரருக்கு எடைதான் கவலை. வேடந்தாங்கலில் கரை மேல் நின்று, ஏரிக்குள் மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரையை எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும். ஃபுல் ஃபிரேமுக்கான சோனி 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 3 கிலோவைத் தாண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் ஒலிம்பஸின் 300 மி.மீ. எஃப் 4 அதே அளவு காட்சியைத் தரும். எடை சுமார் ஒன்றேகால் கிலோ. ஆனால் அந்த வகைச் சென்சார் 17.3 × 13 மி.மீ.; ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ. பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. அந்தி நேரத்தில் கூட்டுக்குத் திரும்பும் பறவைகளை எடுக்கும்போது படத்தில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸ் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த 3 கிலோ லென்ஸை வாங்க எல்லாராலும் முடியாது என்பதால் சோனியின் 200–600 மி.மீ. ஜூமோடு ஒப்பிடுவதே நியாயம். எடை சுமார் 2.1 கிலோ; 600 மி.மீ.இல் எஃப் 6.3. அப்போது ஒளி சேர்ப்பதில் ஃபுல் ஃபிரேமின் ஆதாயம் ஒரு ஸ்டாப்கூட இல்லை, மூன்றில் இரண்டு பங்குதான். அதற்காகக் கூடுதலாக எண்ணூறு கிராமுக்கு மேல் சுமக்க வேண்டும். ஜூம் வசதி கிடைக்கிறது என்பதும் உண்மை. இருந்தாலும் நாளெல்லாம் கையில் பிடித்து நடப்பவருக்குச் சிறிய சென்சாரே பொருத்தம். ஒரே இடத்தில் டிரைபாட் போட்டு உட்காருகிறவர் தாராளமாகப் பெரியதற்குப் போகலாம்.

ஒலிம்பஸ் 2021 ஜனவரியில் தன் கேமரா தொழிலை விற்றுவிட்டதால் அந்தப் பக்கம் போகப் பலர் தயங்கினார்கள். அந்தத் தொழில் இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் நடக்கிறது. 2008இல் பானசோனிக் ஜி1-உடன் தொடங்கிய அதே மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்ட்தான் இன்றும். அன்று வாங்கிய லென்ஸ் இன்றைய பாடியிலும் பூட்டும்.