பாலிதீன் பை

அப்பாவின் சிவப்பு மாருதி 800, 1994 மாடல், பெசன்ட் நகரில் எங்கள் வாசலில் நிற்கிறது. க்ளாக்கோமாவால் பார்வை மங்கி, அவர் சாவியை என்னிடம் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. வாராவாரம் கழுவுகிறேனே, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் அப்பா பானெட்டைத் தடவிவிட்டு, "கடைசியா எப்படா வேக்ஸ் போட்டே?" என்றார். மாட்டிக்கொண்டேன்.

என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஷெட்காரர் சிரித்துக்கொண்டே, மெல்லிய பாலிதீன் பைக்குள் கைவிட்டுத் தடவச் சொன்னார். அட, உப்புத்தாள்! பிரேக் தூள், தார்த் துளி, மரப்பிசின் எல்லாம் பெயின்ட்டோடு ஒட்டியிருக்கின்றன. ஷாம்பூவுக்கு அசையாது. சோப்புத் தண்ணீர் வழுக்கலில் க்ளே கட்டியை மெல்ல ஓட்டித்தான் எடுக்க வேண்டும். இன்னொரு சோதனையும் காட்டினார். வேக்ஸ் இருந்தால் தெளித்த தண்ணீர் முத்து முத்தாய் உருளும். எங்கள் பானெட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

"மெஷின் பாலிஷ் போட்டா புதுசாயிடும் சார்."

அப்பா பதறிவிட்டார். "வேணாம்ப்பா. மேலே க்ளியர் கோட் இல்லாத பெயின்ட். தேய்ச்சா துணியில செவப்பா வரும். அது அழுக்கில்லை, பெயின்ட்டேதான்."

க்ளேயும் வேக்ஸும் மட்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் அப்பா மறுபடி தடவினார். விரல் வழுக்கியது. "ம்" என்றார். அவரிடம் அது பெரிய சர்டிபிகேட்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் பாலிதீன் பையை மாட்டிப் பாருங்கள். நான் அப்பாவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.