கல் சொல்லும் அகவை

ஒருவரின் அகவையை அறியப் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பது இன்றைய வழக்கம். முன்னாளில் சிற்றூர்களில் அத்தகைய ஆவணம் எல்லாரிடமும் இல்லை. ‘ஏரி உடைந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்தவள்’, ‘பெரியவனுக்குப் பின், சின்னவளுக்கு முன்’ என்றே பாட்டிமார் கணக்குச் சொன்னார்கள். அக்கணக்கில் மூத்தவர் யார், இளையவர் யார் என்பது விளங்கும். எத்தனை ஆண்டு என்பது விளங்காது. புவியின் அகவையை ஆராயப் புகுந்த அறிஞர்களும் முதலில் இந்நிலையிலேயே இருந்தனர்.

கருநாடகத்தின் தென்கோடியில், தமிழகத்தின் எல்லையை ஒட்டி அமைந்தது சாமராஜநகர் மாவட்டம். 1997ஆம் ஆண்டில் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இம்மண்ணின் அடியில் வெளிர்நிறமும் கருநிறமும் வரிவரியாக அமைந்த நைஸ் பாறை பரந்து கிடக்கிறது. சில இடங்களில் அப்பாறையை ஊடறுத்துக்கொண்டு, புதைந்த சுவர்போலக் கரிய பாறை ஒன்று செல்வதைக் காணலாம். புவியியலார் அதனை டோலரைட் என்பர். வணிகர் கருப்பு கிரானைட் என்று விற்பனை செய்வர். பழைய பாறையில் உண்டான வெடிப்புக்குள் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி இறுகியதால் அக்கரிய சுவர் தோன்றியது. வெடிப்பதற்குப் பாறை முன்னரே இருந்திருக்க வேண்டும் அன்றோ? ஆகவே வரிப்பாறை மூத்தது, கரும்பாறை இளையது. இதனைக் கண்டுகொள்ளக் கருவி எதுவும் தேவையில்லை. கல்குவாரியில் உளி பிடிப்பவரின் கண்ணே போதும். ஆயினும் மூத்தது எத்தனை ஆண்டு மூத்தது என்னும் வினாவுக்கு இம்முறையில் விடை இல்லை.

அவ்விடையைத் தேடிப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பல வழிகளில் முயன்றனர். ஆறுகள் ஆண்டுதோறும் கடலுக்குக் கொண்டு சேர்க்கும் உப்பைக் கணக்கிட்டு, கடல் இவ்வளவு உவர்ப்பாவதற்கு 8 முதல் 9 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று அயர்லாந்து அறிஞர் ஜான் ஜோலி 1899இல் கூறினார். கடலில் சேரும் உப்பில் ஒரு பகுதி மீண்டும் வெளியேறுகிறது என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை. அவருக்கு முன்பே இயற்பியல் மேதை கெல்வின் பிரபு வேறு வழியில் சென்றார். அடுப்பிலிருந்து இறக்கிய பால் ஆறியிருக்கும் அளவைக் கொண்டு, அது இறக்கப்பட்ட நேரத்தை ஊகிக்கலாம். அதுபோலவே, உருகிய நிலையில் தொடங்கிய புவி இன்றைய அளவுக்குக் குளிர 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று 1862இல் கணித்தார். பின்னர் அதனை 2 முதல் 4 கோடி ஆண்டுகளாகச் சுருக்கினார். உயிரினங்கள் மெல்ல மெல்ல மாறி வந்தன என்ற டார்வினுக்கு அக்காலம் போதவில்லை. எனினும் கெல்வினின் புகழுக்கு முன் மறுப்புக் கூறத் துணிந்தவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஜான் பெர்ரி. அவர் முன்னர்க் கெல்வினிடம் உதவியாளராக இருந்தவர். தம் ஆசானின் கணக்கில் பிழை இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். கணக்கு தொடங்கிய இடத்தையே ஐயுற்றார். புவியின் உட்பகுதி அசையாத திண்மமாக இருந்தால் அன்றோ அக்கணக்கு பொருந்தும்? உள்ளிருக்கும் பொருள் மெல்லப் புரண்டுகொண்டிருந்தால், வெப்பம் இடைவிடாது மேலே வந்துகொண்டிருக்கும். புவியின் அகவையும் பன்மடங்கு கூடும். 1895இல் அவர் எழுதியதைப் பலர் பொருட்படுத்தவில்லை. அவர் எண்ணியது சரியே என்பதைப் பிற்காலம் உணர்த்தியது.

இதற்கிடையில் 1896ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ஹென்றி பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார். யுரேனிய அணுக்கள் தாமே சிதைந்து, பல படிகளைக் கடந்து, இறுதியில் காரீயமாக மாறுகின்றன. வெப்பமோ குளிரோ அழுத்தமோ அச்சிதைவின் வேகத்தை மாற்றுவதில்லை. யுரேனியம் 238 என்னும் வகையில் ஒரு பாதி காரீயமாவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். எஞ்சிய பாதியில் பாதி மாறுவதற்கும் அதே காலம் ஆகும். இதுவே அரை ஆயுட்காலம் எனப்படும். பாறைக்குள் ஒரு கடிகாரம் இருப்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது.

சாமராஜநகரில் ஒரு வகுப்பறையில் இப்பாடம் நடந்தபோது, கல்குவாரித் தொழிலாளியின் மகளான ஒரு மாணவி எழுந்தாள். “அப்போது மனிதரே இல்லையே, டீச்சர்! யாரும் பார்க்காததை எப்படி உறுதியாகச் சொல்வது?” என்று வினவினாள். அறிவியல் ஆசிரியை அவளை அமர்த்தவில்லை. தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல ஒருபுறம் வெண்மையாகத் தேய்த்த புளியங்கொட்டைகள் 128ஐ நான்கு மாணவரிடம் கொடுத்துத் தாழ்வாரத்துக்கு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் உருட்ட வேண்டும். வெள்ளைப் புறம் காட்டுபவற்றைத் தனிப்பையில் போட வேண்டும். மற்றவற்றை மீண்டும் உருட்ட வேண்டும். எத்தனை முறை உருட்டினர் என்பதை மட்டும் வெளியிடக் கூடாது.

அவர்கள் திரும்பியபோது கையில் 17 கொட்டைகள் இருந்தன. 128இல் பாதி 64, அதில் பாதி 32, அதில் பாதி 16 என்று கணக்கிட்ட வகுப்பு, “மூன்று முறை” என்றது. அதுவே சரி. அம்மாணவி மட்டும் நிறைவடையவில்லை. “வழியில் சில கொட்டைகள் தொலைந்திருந்தால்?” என்றாள். “தனிப்பையையும் எண்ணிப் பார்” என்றார் ஆசிரியை. அதில் 111 இருந்தன. இரண்டும் சேர்ந்து 128 ஆயின. எந்தக் கொட்டை எப்போது வெண்மை காட்டும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. ஆனால் கூட்டத்தின் போக்கைச் சொல்ல இயலும். தாழ்வாரத்தில் நடந்ததை வகுப்பு காணவில்லை. எஞ்சியதையும் மாறியதையும் எண்ணி அறிந்தது.

அறிஞர்களும் இவ்வாறே எண்ணுகின்றனர். மாறியது தொலையாமல் காக்கும் பை எது? அது சிர்க்கான் என்னும் சிறு கனிமம். பெரும்பாலும் மணலைவிடப் பெரிதாக இராது. சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும்; காரீயத்தை ஏற்பதில்லை. ஆகவே பின்னாளில் அதனுள் காணப்படும் காரீயம் பெரும்பாலும் அங்கேயே பிறந்ததாகும். மேலும், யுரேனியம் 235 என்னும் மற்றொரு வகை வேறு வேகத்தில் வேறு வகைக் காரீயமாக மாறுகிறது. ஒரே மணிக்குள் இரு கடிகாரங்கள்! இரண்டும் ஒரே காலத்தைக் காட்டினால் முடிவை நம்பலாம். காட்டாவிட்டால் இடையில் ஏதோ நிகழ்ந்துள்ளது என்று பொருள்.

இம்முறையின் முன்னோடியான ஆர்தர் ஹோம்ஸ் 1911இல் வெளியிட்ட அகவைகளுள் மிகப் பழமையானது இலங்கைக் கனிமத்தினுடையது. 164 கோடி ஆண்டுகள். கெல்வினின் எல்லையை அது பல மடங்கு கடந்தது. நம் தென்னாட்டுப் பாறைகளோ அதனினும் மூத்தவை. பெங்களூரு லால்பாக் பாறைக்குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையானது. ஹாசன் மாவட்டத்துக் கோரூர்ப் பாறைகள் ஏறத்தாழ 330 கோடி ஆண்டுகளை எட்டுகின்றன. சாமராஜநகருக்குக் கிழக்கே எழும் பிலிகிரிரங்கன் மலையில் சார்னோக்கைட் என்னும் பாறை மிகுதி. கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத் தாமஸ் ஹாலந்து அதற்கு அப்பெயர் சூட்டினார். அவ்வினத்துப் பாறைதான் சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் நிற்கிறது. பெற்றோர் விட்டுவந்த நாட்டிலும், பிழைக்க வந்த நாட்டிலும் ஒரே இனத்துப் பாறை. மாநில எல்லைக்கோடு நேற்று வரைந்தது. அக்கல் அதனை அறியாது.

ஆயினும் புவியில் தோன்றிய முதற்பாறை எங்கும் கிடைக்கவில்லை. மழையும் காற்றும் தேய்த்தன, உள்வெப்பம் உருக்கியது, நிலத்தட்டுகள் புதைத்தன. ஆத்திரேலியாவின் ஜாக் மலைப்பகுதியில் கிடைத்த ஒரு சிர்க்கான் மணி 440 கோடி ஆண்டுகள் பழமையானது. புவி அதற்கும் மூத்தது. எனவே அறிஞர்கள் வானத்திலிருந்து விழுந்த விண்கற்களை நாடினர். அவை புவியுடன் ஒரே காலத்தில், ஒரே மூலப்பொருளிலிருந்து தோன்றி, பெரிதும் மாறாமல் எஞ்சியவை. அமெரிக்க அறிஞர் கிளேர் பேட்டர்சன் விண்கற்களிலுள்ள காரீயத்தை அளந்தார். தொடக்கத்தில் அவருடைய அளவுகள் தாறுமாறாக வந்தன. காற்றிலும் தூசியிலும் கலந்திருந்த காரீயம் அவருடைய மாதிரிகளைக் கெடுத்தது. அவர் ஆய்வறையைத் தூசியின்றிக் காத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1956இல் புவியின் அகவை 455 கோடி ஆண்டுகள் என்றும், அதில் 7 கோடி ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் வெளியிட்டார். தம் ஆய்வைக் கெடுத்த அக்காரீயம் எங்கிருந்து வந்தது என்றும் அவர் தேடினார். பெட்ரோலில் கலந்த காரீயம் காற்றில் பரவுவதைக் கண்டு, தொழில் நிறுவனங்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அதற்கு எதிராகப் போராடினார்.

இன்று ஏற்கப்பட்ட அளவு 454 கோடி ஆண்டுகள். பிழைக்கு இடம் 5 கோடி. ‘கூடவோ குறையவோ’ என்னும் அச்சொல்லை அறிவியலின் தளர்ச்சியாகக் கொள்ளலாகாது. அளந்தவர் தம் அளவின் எல்லையையும் சேர்த்துச் சொல்லுகின்ற நேர்மை அது. பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கெல்வினின் முடிவு நிலைக்கவில்லை. இளையவர் கேட்டார் என்பதற்காகப் பெர்ரியின் வினா பொய்யாகவுமில்லை.

நீங்கள் வாழும் ஊரில் பாறை ஒன்றைக் காணும்போது சற்று நின்று பாருங்கள். எந்நிறம் எந்நிறத்தை ஊடறுத்துச் செல்கிறது என்று படம் வரையுங்கள். மூத்தது எது, இளையது எது, அதற்குச் சான்று என்ன என்று படத்தின் கீழ் எழுதுங்கள்.