வெள்ளையடிக்கிறதுக்கு முன்னாடி...

பழைய சாமானைத் தூக்கிப் போடுகிற விஷயத்தில் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாதி வேலையை உப்புக் காற்றே பார்த்துக்கொள்ளும். என் அக்கா வாக்கப்பட்டது தூத்துக்குடியில். அவள் வீட்டில் இரும்புக் கட்டில் வாங்கினால், நாலைந்து வருஷத்தில் துருப்பிடித்துத் தானாகவே நொண்ட ஆரம்பித்துவிடும். 'போடலாமா, வைக்கலாமா' என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை.

அருப்புக்கோட்டையில் அந்த ஜம்பம் பலிக்காது. வானம் பார்த்த பூமி. காற்றில் ஈரம் குறைவு. கரையான் கண் வைக்காதவரை எந்தச் சாமானுக்கும் சாவே கிடையாது. என் தாத்தாவின் குடைக்கம்பி இன்னும் பளபளவென்று இருக்கிறது; துணியும் தாத்தாவும்தான் இல்லை. அதோடு, அடுத்த வருஷம் மழை உண்டா என்று தெரியாத ஊரில், 'இனிமே இது தேவைப்படாது' என்று எதைப் பார்த்தும் யாரும் சொல்லிவிட மாட்டார்கள்.

பொங்கலுக்கு வீட்டைக் கழுவி வெள்ளையடிக்க வேண்டும் என்று நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வெள்ளையடிக்கிறவர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "தம்பி, சாமான் பூராவும் வெளியே வந்தாத்தான் நான் மட்டையைக் கையில எடுப்பேன்."

பி.காம். படித்தவனாச்சே! ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி பிரித்தேன்: வேணும், விற்கலாம், குப்பை. பரண் மீது ஏறி ஸ்டாக் எடுக்க ஆரம்பித்தேன்.

பம்ப் ஸ்டவ் இரண்டு. டால்டா டப்பா, அதற்குள் ஒரு சின்ன டால்டா டப்பா. 2006-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த இலவச கலர் டி.வி. அதன் தலைமேல், 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்ஸியும் கிரைண்டரும். கோட்டையில் ஆட்சி மாறினாலும் எங்கள் பரணில் கூட்டணி உடையவில்லை. அப்புறம், பிளாஸ்டிக் குடம் பதினேழு.

"பதினேழு குடம் எதுக்கும்மா?"

"தண்ணி வராத வருஷம் நீ மெட்ராஸ்ல இருந்தய்யா. நாங்க இங்க இருந்தோம்."

பதினேழும் முதல் பத்திக்குப் போயின.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது எடை மெஷினோடு வருகிறார்கள். பேப்பர், இரும்பு, பித்தளை எல்லாவற்றுக்கும் தனித்தனி ரேட். ஆனால் டி.வி.யைப் பார்த்ததும் அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பழைய பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதை உடைக்கக் கூடாது, போகித் தீயில் போடவும் கூடாது. மின்கழிவு எடுக்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். டயர், பிளாஸ்டிக்கையும் கொளுத்தக் கூடாது. 2018 போகியன்று சென்னையில் கிளம்பிய புகைமூட்டத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடினதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு, வெளியே எடுக்க முடியாத ஒன்று பாக்கி இருந்தது. கூடத்து நடுவில் தறிக்குழி.

எங்கள் ஊர் நெசவு ஊர். அப்பா அந்தக் குழியில் காலைத் தொங்கப்போட்டு, மிதியை மிதித்து நெய்த சேலைகளில்தான் என் காலேஜ் ஃபீஸ் வந்தது. அவர் போய்ப் பல வருஷமாச்சு. தறியைப் பிரித்துக் கட்டிவைத்துவிட்டோம்; குழி மேல் பலகை. அம்மா ராத்திரி பாத்ரூம் போக வேண்டுமானால் அதன் மேல்தான் நடக்க வேண்டும். அன்றைக்குப் பலகையைப் புரட்டினால், ஒரு மூலையைக் கரையான் அரித்து மாவாக்கி வைத்திருக்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அம்மாவுக்கு வயசு அறுபத்தெட்டு. இருப்பது தனியாக.

"குழியை மூடிரலாம்மா" என்றேன். அம்மா பதிலே சொல்லவில்லை. சாயங்காலம், "நாளைக்குத் திருச்சுழிக்குப் போயிட்டு வருவமா?" என்றாள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பக்கம்தான். ஜன்னலோர சீட் கிடைத்தால் வழிநெடுக சீமைக்கருவேலத்தைப் பார்க்கலாம். ஊரை ஒட்டிக் குண்டாறு. திருமேனிநாதர் கோயில், சுந்தரர் பாடிய தலம். அம்மன் பெயர் துணைமாலை நாயகி. கோயிலுக்குப் பக்கத்தில் சுந்தர மந்திரம் என்ற வீடு. 1879 டிசம்பர் 30-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு. திருவண்ணாமலை ஆசிரமத்தின் பராமரிப்பில் இருக்கிறது.

உள்ளே போனதும் எனக்குப் பொறாமை. பரண் கவலை இல்லாத வீடு! தரையில் உட்கார்ந்து அம்மாவிடம் கதையை எடுத்துவிட்டேன்: "பதினாறு வயசும்மா. 1896-ல மதுரையில இருந்து கிளம்பறப்போ, அண்ணன் ஃபீஸ் கட்டக் குடுத்த அஞ்சு ரூபாயில மூணு ரூபாயை எடுத்துக்கிட்டு, மிச்சத்தைச் சீட்டோட வச்சுட்டுப் போனார். திருவண்ணாமலை போனதும் கையில இருந்த பாக்கிக் காசையும் குளத்துல வீசிட்டார். வேட்டியைக் கிழிச்சுக் கோவணமாக் கட்டிக்கிட்டார். அதைப் பார்த்தா நம்ம சாமான் எல்லாம் எம்மாத்திரம்?"

அம்மா கேட்டாள்: "அவுக அம்மா?"

அழகம்மாள் மகனைத் தேடிக்கொண்டு 1898-ல் போனார். 'வீட்டுக்கு வாப்பா' என்று கெஞ்சியும் மகன் வரவில்லை. 1916-ல் மகனோடேயே இருந்துவிடுவதற்காகப் போனார். 1922-ல் கண்மூடினார். அவர் சமாதி மேல்தான் மாத்ருபூதேஸ்வரர் கோயில் இருக்கிறது.

"பார்த்தியா? எல்லாத்தையும் வீசினவரு அம்மாவை வீசலையே" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி தூரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: "ராத்திரி அந்தப் பலகையில கால் வைக்க எனக்கும் பயமாத்தான்யா இருக்கு. மூடிரு. உங்கப்பா நாடாவை மட்டும் எங்கிட்ட குடுத்துரு."

மறுநாள் கொத்தனார் வந்து செங்கல் துண்டும் மண்ணும் போட்டுத் திமிசு கட்டையால் இடித்து, மேலே சிமெண்டு பூசினார். சாயங்காலத்துக்குள் கூடம் ஒரே மட்டமாகிவிட்டது. ஈரம் காய்ந்த பிறகு அம்மா அதன் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தாள். நாடா சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணில் ஏறப்போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 'இது எதுக்கு?' என்று பெரியவர்களைக் கேட்காதீர்கள். 'இது யாரோடது?' என்று கேளுங்கள். பாதிச் சாமானை அவர்களே கீழே இறக்கிவிடுவார்கள்.

மீதிப் பாதியைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது. வெள்ளையடித்தவர் விட்டுப்போன பிளாஸ்டிக் வாளியை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். குடத்தோடு சேர்த்தால், பதினெட்டு!