துண்டும் முத்திரையும்

பெயர்பெற்ற கம்பெனியின் ஸ்கார்ஃபுக்கும் ஜீன்ஸுக்கும் கொடுக்கிற விலை தகுமா என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு தயார்ப் பதில் இருக்கிறது. துணிக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு, மிச்சமெல்லாம் பெயருக்கு, ஆகவே மோசடி. காந்தியைக் கொஞ்சமும் மார்க்ஸைக் கொஞ்சமும் படித்தவர்கள் இதைச் சொல்லிவிட்டுக் காபி சாப்பிடப் போய்விடலாம். எனக்கு இந்தப் பதிலில் திருப்தி இல்லை. துணியின் விலையில் துணி அல்லாத ஒன்று எப்போதும் இருந்துவந்திருக்கிறது. கதரில் இருந்தது. மில் துணியைவிட முரடாகவும் விலை அதிகமாகவும் இருந்த ஒன்றை ஏராளமான பேர் அறிந்தே வாங்கி உடுத்தினார்கள். நூற்பவர்களுக்கு ஜீவனத்துக்குப் போதுமான கூலி தர வேண்டும் என்று 1935இல் அகில பாரத சர்க்கா சங்கம் தீர்மானித்தபோது அந்த விலை இன்னும் ஏறியது. அவர்கள் கொடுத்ததும் ஒரு பிம்பத்துக்கான விலைதான். ஆனால் உபரிக் காசு யார் கைக்குப் போகிறது என்பது வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் இருக்கும் கரிவலம்வந்தநல்லூரில் சுவாமியின் பெயர் பால்வண்ணநாதர், அம்மன் ஒப்பனையம்மாள். சாயமே ஏறாத ஒருவருக்குத் துணையாக, ஒப்பனையையே பெயராகக் கொண்டவள். வெள்ளைதான் மெய், அலங்காரம் பொய் என்று இந்த ஊரில் இருந்துகொண்டு வாதிப்பது சிரமம்.

ஆகவே ஸ்கார்ஃபை அதற்குரிய மரியாதையோடு பார்க்கலாம். பாரிஸின் எர்மெஸ் கம்பெனி 1937இல் கொண்டுவந்த பட்டுச் சதுரம் 90 சென்டிமீட்டருக்கு 90. அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன். சில சித்திரங்களுக்கு முப்பதுக்கும் மேல் வேண்டியிருக்கும். ஓரத்தைக் கையால் சுருட்டித் தைக்கிறார்கள். இதெல்லாம் அசல் உழைப்பு. சாதாரண ஸ்கார்ஃபைவிட விலை கூட இது போதுமான காரணம். எத்தனை மடங்கு கூடுவது என்பதை மட்டும் இந்த உழைப்பு நிர்ணயிப்பதில்லை.

ஏறக்குறைய இதே அளவுள்ள சதுரம் ஒன்று நம்மிடமிருந்தும் கப்பலேறிக்கொண்டிருந்தது. 36 அங்குலத்துக்கு 36. மெட்ராஸ் கைக்குட்டை என்று பெயர். சென்னையைச் சுற்றிய கைத்தறி ஊர்களிலும் ஆந்திரத்துச் சீராலாவிலும் நெய்தார்கள். நைஜீரியாவில், நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் காலபாரி மக்கள் இந்தக் கட்டம்போட்ட துணியை இஞ்சிரி என்பார்கள். இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள், சாவு வீட்டில் காட்சிக்கு வைப்பார்கள். அவர்களுடைய பெண்கள் கட்டங்களுக்குள்ளிருந்து சில இழைகளைப் பிளேடால் அறுத்து உருவி, துணிக்குள் வேறொரு கோலத்தை உண்டாக்குகிறார்கள். பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். காசு கொடுத்து வாங்கிய துணியிலிருந்து நூலை எடுத்து எறிந்தபின் அதன் மதிப்பு கூடுகிறது! தறியிலிருந்து வந்தது அவர்களுக்கு வெறும் கச்சாப் பொருள். பிம்பம் அவர்கள் விரலில் உண்டாயிற்று. எர்மெஸ் சதுரத்தில் ஒரே ஒரு இழையை உருவிப் பாருங்கள். விலை பாதியாகிவிடும்.

அதே மெட்ராஸ் துணி அமெரிக்காவுக்குப் போனபோது நடந்தது வேறு. கேப்டன் கிருஷ்ணன் நாயர் சொல்லிவந்த கதை இது. 1958இல் நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவர் வாங்கிப்போன துணி ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையும் கோட்டுமாகிறது. துவைத்ததும் சாயம் ஓடுகிறது. ரகளை. பிறகு யாரோ ஒரு புத்திசாலியின் யோசனையில், சாயம் ஓடும் என்பதே உத்தரவாதமாகி, விளம்பரமாகி, துணி பறந்துபோகிறது. எங்கள் பக்கத்தில் சாயம் போய்விட்டது என்பது கடைக்காரனோடு சண்டைக்குப் போகப் போதுமான காரணம். ஒருவனுடைய வேஷம் கலைந்ததைச் சொல்லக்கூட இதே வார்த்தையைத்தான் எடுக்கிறோம். அங்கே குறைக்கு ஒரு பெயர் வைத்ததும் அது குணமாகிவிட்டது. கண் பார்த்ததும் கை உணர்ந்ததும் பின்னால் போய், சொல்லப்பட்டது முன்னால் வந்து நின்றது. (1960களில் ஒரு வாரப் பத்திரிகை சில சிறுகதைகளுக்கு முத்திரைக் கதை என்று முத்திரை குத்தி வெளியிட்டது. கதையைப் படிக்குமுன்பே வாசகனுக்கு அதன் தரம் தெரிந்துவிட்டது. நம் வீட்டு சமாச்சாரம் என்பதால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன்.)

டெனிமில் இந்த வித்தை இன்னும் தூரம் போயிருக்கிறது. பாவு நீலம், ஊடை வெள்ளை. நீலச்சாயம் நூலின் மேலோட்டோடு நின்றுவிடும். உள்ளே வெள்ளை அப்படியே இருக்கும். தேயத் தேய அது வெளியே தெரியும். லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873இல் பை முனைகளுக்குச் செப்பு ரிவெட் அடிக்கும் காப்புரிமை வாங்கியது உடலுழைப்பாளிகளின் கால்சட்டைக்காக. முழங்காலில் வெளுத்த இடம் அவனவன் வேலையின் தடயம். பின்னால் அந்தத் தடயத்தையே தொழிற்சாலையில் தயாரித்து விற்றார்கள். காற்றழுத்தத்தில் மணலைப் பாய்ச்சி நீலத்தைச் சுரண்டும் வேலையில் துருக்கியில் இளைஞர்கள் பலர் சிலிக்கோசிஸ் வந்து நுரையீரல் கெட்டு இறந்தார்கள். 2009இல் அந்த நாடு அதற்குத் தடை விதித்தது. உழைக்காதவன் முழங்காலில் உழைத்தாற்போன்ற தேய்மானம் வர, வேறொருவன் உண்மையாகவே தேய்ந்திருக்கிறான். விலைச்சீட்டில் இதற்கென்று தனியாக எதுவும் எழுதியிருப்பதில்லை.

இதுவரை வந்தபின், ஆகவே ஜீன்ஸ் ஆடம்பரம் என்று முடித்துக்கொள்வது சுலபம். தமிழ்நாட்டில் அப்படி முடிக்க முடியாது. எங்கள் சீமையின் ஸ்கார்ஃப் துண்டு. சங்கரன்கோவில் விசைத்தறிகளில் சேலையோடு அதுவும் ஓடுகிறது. அது தோளில் கிடந்தால் ஒரு அர்த்தம், கக்கத்தில் இடுங்கினால் ஒரு அர்த்தம், இடுப்புக்கு இறங்கினால் இன்னொரு அர்த்தம். யார் எதிரில் யார் துண்டை இறக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. எழுதிய சட்டமும் உண்டு. தோள்சீலைக் கலகத்துக்குப்பின் 1859இல் திருவிதாங்கூர் வெளியிட்ட அறிவிப்பைப் பார்க்கலாம். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத் துணி சுற்றலாம், எந்த விதமாகவும் மார்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. தடை துணிக்கல்ல, பாணிக்கு. 2012 நவம்பரில் தர்மபுரி நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதை அடுத்த மாதங்களில், பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுப் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். அப்பன் துண்டை இறக்கிக்கொண்டு நின்ற தெருவில் மகன் ஜீன்ஸோடு நடக்கிறான் என்றால், அந்த நடைக்கு அவன் என்ன விலை கொடுத்தாலும் அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த நடைக்குப் பெரிய கம்பெனி தேவைப்படவில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். 1990களில் அகமதாபாத் அரவிந்த் மில்ஸ் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒரு பொட்டலத்தைச் சிற்றூர்களுக்கு அனுப்பியது. டெனிம் துணி, ஜிப், ரிவெட், பின்பக்கம் தைக்க ஒரு முத்திரைப் பட்டை. விலை சுமார் 6 டாலர் என்று மேனேஜ்மென்ட் பேராசிரியர்கள் பின்னால் எழுதினார்கள். தையல்காரரிடம் கொடுத்தால் ஜீன்ஸ். எங்கள் தெரு அண்ணாச்சி ரிவெட்டைக் குடக்கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பொருத்துவார். தையல் கொஞ்சம் கோணும். முத்திரையும் அவர் கையால்தான் தைக்கப்பட்டது என்பதால் அதற்கு யாரும் பயப்படவில்லை. போட்டவன் முதுகு நிமிர்ந்தது.

இப்போது நிலைமை அதுவல்ல. ராஜபாளையம் பஸ்ஸில் கல்லூரிப் பையன்கள் ஒருவன் இடுப்புப் பட்டையை இன்னொருவன் பிரட்டிப் பார்க்கிறார்கள். ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? அவன் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன். துண்டை இறக்கச் சொன்னபோது சுருங்கிய அதே இடம்தான். அங்கே சாதி போட்ட வேலியை இங்கே விலை போடுகிறது. வேலிக்கு உயரம் வேண்டும் என்பதால்தான் விலை அவ்வளவு உயரமாக இருக்கிறது. குறைத்தால் பக்கத்து வீட்டுக்காரனும் உள்ளே வந்துவிடுவான். பிறகு வாங்கியவனுக்கு என்ன மிஞ்சும்? அந்த மடங்குகள் வாங்கித் தருவது துணியையோ சித்திரத்தையோ அல்ல. மற்றவனால் முடியாது என்பதை வாங்கித் தருகின்றன. அதற்கு விலை தகுமா என்று கேட்பது, துண்டை இறக்கச் சொன்ன வழக்கம் நியாயமா என்று கேட்பதைப் போலத்தான்.

அண்ணாச்சி இன்னும் கடை வைத்திருக்கிறார். வேலை பெரும்பாலும் ஆயத்த ஜீன்ஸின் நீளம் குறைப்பது. "அடித் தையல் ஒரிஜினலாவே இருக்கணும் அண்ணாச்சி, அதை வெட்டாம மேல வச்சு ஒட்டுங்க" என்பார்கள். அப்படியே செய்து கொடுக்கிறார். நடுவில் வெட்டிய நாலு விரல் வளையங்களை ஒரு சாக்கில் போட்டுவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பை கிழிந்தால் அதில் எடுத்து ஒட்டுப்போடுகிறார். நல்ல கெட்டித் துணி, நாலு வருஷம் வரும் என்கிறார்.