குடத்துக்குள் இல்லாத பெயர்

"நீ வேல செஞ்ச கம்பெனி பொட்டிதானடா இது? நீயே தொறந்து சரி பண்ணிக் குடேன்."

போன மாசியில் பெரியப்பா இப்படிக் கேட்டார். மோட்டார் கொட்டாய்க்குள் நின்றுகொண்டிருந்தோம். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. நான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் அவர் முன்னால் சும்மா நிற்க முடியவில்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. விவசாயத்துக்கு இங்கே மின்சாரம் இலவசம். ஆனால் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது நாள் முழுக்க வராது. ராத்திரி முறை என்றால் ராத்திரியில் எழுந்து போய்த்தான் மோட்டார் போட வேண்டும். டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடக்கும்போது, காலுக்கு முன்னால் என்ன கிடக்கிறது என்பதில்தான் முழுக் கவனமும் இருக்கும். அதனால்தான் போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் முடிகிற கருவிகளைக் கிராமங்களில் வாங்குகிறார்கள். நான் அப்போது வேலை பார்த்த கம்பெனி அப்படி ஒன்றைச் செய்தது. என் பேச்சைக் கேட்டுத்தான் பெரியப்பா வாங்கினார். மூன்று வருஷம் கட்டிலில் படுத்தபடியே மோட்டார் போட்டார். ஊரில் நாலு பேரிடம் "எம் புள்ள செஞ்சது" என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு கம்பெனி அந்தப் பொருளையே நிறுத்திவிட்டது. கொஞ்ச நாளில் சர்வரையும் நிறுத்தினார்கள். பெட்டிக்கு ஒரு பழுதும் இல்லை. சிப் ஓடுகிறது, சிம் வேலை செய்கிறது, ரிலே அடிக்கிறது. ஆனால் அது தொடங்கியதும் தேடிப்போகும் முகவரியில் இப்போது யாரும் இல்லை. ஃபர்ம்வேரில் அந்த முகவரியை மாற்றினால் போதும். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷ வேலையை என்னால் செய்ய முடியாது. ஏனென்றால் அந்தப் பெட்டியைப் பூட்டியவனே நான்தான்.

*

எந்தக் கணினியானாலும், கரண்ட் வந்த அந்த நொடியில் அதற்கு ஒன்றுமே தெரியாது. இன்டெல் சிப் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு இடம்தான்: 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் முன்னால் உள்ள முகவரி. அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யும். அப்போது ரேம்கூட வேலை செய்யாது. ரேமை எழுப்புவதற்கான நிரலை ஓட்டவே ஒரு நினைவகம் வேண்டுமே? அதற்கு சிப்புக்குள் இருக்கும் கேஷையே கொஞ்ச நேரம் ரேம் மாதிரி பயன்படுத்திச் சமாளிக்கிறார்கள். ரேம் எழுந்த பின் மற்றவை ஒவ்வொன்றாக எழும். கடைசியில் லினக்ஸோ விண்டோஸோ வரும். முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்பிவிடும் அந்தச் சின்ன நிரல்தான் பூட்லோடர்.

பெரியப்பாவின் பெட்டிக்குள் இருப்பது ஏஆர்எம் சிப். அதில் யு-பூட். வொல்ஃப்காங் டெங்க் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தொடங்கி, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்த திறந்த மூல பூட்லோடர் அது. அதில் ஒரு வசதி உண்டு: கெர்னலை ஓட்டும் முன் அதன் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பது. கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி கம்பெனியிடம். சரிபார்க்கும் பொதுச் சாவி பெட்டிக்குள். அந்தப் பொதுச் சாவியையே யாராவது மாற்றிவிட்டால்? அதற்குத்தான் சிப்புக்குள் ஃப்யூஸ்கள் இருக்கின்றன. வீட்டு ஃப்யூஸ் போனால் கம்பி மாற்றிவிடலாம். இது ஒருமுறை எரித்தால் எரித்ததுதான். சாவியின் அடையாளத்தை அந்த ஃப்யூஸ்களில் எழுதிவிட்டால், அந்தச் சிப் சாகும்வரை அந்த ஒரு கையெழுத்தைத்தான் நம்பும்.

அதைச் செய்யும் ஸ்கிரிப்டை எழுதியது நான். வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், பெருமையாகத்தான் எழுதினேன். காரணமும் இருந்தது. யாரோ ஒருவன் தப்பான ஃபர்ம்வேரை ஏற்றி, ராத்திரி இரண்டு மணிக்கு ஆயிரம் மோட்டாரை ஒரே நேரத்தில் போட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? பூட்டு வேண்டும் என்று மீட்டிங்கில் சத்தமாகப் பேசியவனும் நான்தான். அந்த மீட்டிங்கில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. கடையை மூடும்போது சாவியை யாரிடம் கொடுப்போம்?

இதில் ஒரு வேடிக்கை, நாங்கள் சட்டத்தை மீறவில்லை. யு-பூட்டும் லினக்ஸும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருபவை. மூல நிரலைக் கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். எவரும் இறக்கிப் படிக்கலாம், திருத்தலாம், புதிதாக பில்ட் செய்யலாம். பெட்டி மட்டும் அதை ஓட்டாது. டிவோ என்ற அமெரிக்க வீடியோ ரெக்கார்டர் இதே உத்தியைச் செய்தபோது பெரிய சண்டையே நடந்தது. 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், வீட்டு உபயோகப் பொருளை விற்றால் திருத்திய நிரலை ஓட்டுவதற்கான சாவியையும் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். லினக்ஸ் கெர்னல் அந்தப் பதிப்புக்கு மாறவில்லை. எங்கள் பெட்டிக்கு அது போதுமானதாக இருந்தது.

*

பெரியப்பா கேட்ட அந்த வாரம் என் பழைய திங்க்பேட் எக்ஸ்230ஐ எடுத்து மேசைமேல் வைத்தேன். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்னொருவர் பெட்டியைத் திறக்க முடியாத கோபத்தில் என்னுடையதையாவது திறக்கலாம் என்ற எண்ணம்தான். பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள்.

"ஓடிக்கிட்டுதான மாமா இருக்குது? எதுக்குப் பிரிக்கிற?"

நியாயமான கேள்வி. "ஓடுறது யார் பேச்சக் கேட்டுன்னு பாக்கணும்" என்றேன். அவள் சிரித்தாள்.

1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் லினக்ஸ்பயாஸ் என்று ஒன்றைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுகிறவருக்கு, கம்பெனி பயாஸ் ஒவ்வொன்றும் 'கீபோர்டு இல்லை, ஏதாவது ஒரு பட்டனை அழுத்து' என்று நின்றால் எப்படி இருக்கும்? அந்த வேலையே 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. இன்று கூகுளின் குரோம்புக்குகள் அதில்தான் எழுகின்றன.

மூல நிரலை இறக்கியதும் முதல் வேலை, அதற்கென்றே தனி கம்பைலரைக் கட்டுவது. 'மேக் கிராஸ்ஜிசிசி' என்று அடித்தால் லேப்டாப் விசிறி கத்த ஆரம்பிக்கும், முடிய நேரமாகும். நடுவில் கரண்ட் போனது ஒரு தடவை, யுபிஎஸ் பேட்டரி தீர்ந்தது ஒரு தடவை. அடுத்து 'மேக் மெனுகான்ஃபிக்'. நீலத் திரையில் ஒரு பட்டியல். எந்த போர்டு, எவ்வளவு பெரிய சிப், கடைசியில் எதை எழுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எக்ஸ்230இல் ஃப்ளாஷ் சிப் இரண்டு: ஒன்று 8 எம்பி, ஒன்று 4 எம்பி. சேர்த்து 12 என்று சொன்னேன். கடைசியில் எழுப்ப சீபயாஸ். திரையை எழுப்ப லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. திறக்க முடியாதவற்றை அது மறைப்பதில்லை. எக்ஸ்230இன் ரேமை எழுப்பும் நிரலைத் தன்னார்வலர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்துத் திறந்தே எழுதிவிட்டார்கள். ஆனால் இன்டெல் மேனேஜ்மென்ட் இன்ஜின் என்று உள்ளே ஒரு தனிக் கணினி இருக்கிறது. அதன் ஃபர்ம்வேர் மூடியது, இன்டெல் கையெழுத்திட்டது. முழுதாக அழித்தால் அரை மணி நேரத்தில் மெஷின் தானே அணைந்துவிடும். எம்இ கிளீனர் என்ற கருவியால் பெரும்பகுதியை வெட்டி எறியலாம், கொஞ்சம் மிஞ்சும். முழுதாகத் திறக்க முடியாததைத் தொடவே கூடாதா, முடிந்தவரை குறைத்தால் போதுமா என்று இந்த உலகத்தில் ஓயாத வழக்கு நடக்கிறது. லிப்ரிபூட் 2022 நவம்பரில் 'குறைத்தால் போதும்' பக்கம் சாய்ந்தது. நானும் அந்தப் பக்கம்தான். எது மூடியிருக்கிறது என்று என் கான்ஃபிக் கோப்பில் வரிவரியாக எழுதியிருந்தால் போதும் எனக்கு.

இதெல்லாம் 2012இல் வந்த இந்த மாடலில் முடிகிறது. அடுத்த தலைமுறையில் இன்டெல் பூட் கார்டு வந்தது. அதே ஃப்யூஸ், அதே கையெழுத்து. தயாரித்தவர் அதைப் போட்டு எரித்துவிட்டால், வாங்கியவர் தன் சொந்த லேப்டாப்பில் கோர்பூட் எழுத முடியாது. பெரியப்பாவின் பெட்டிக்கு நான் செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு வெளியிலிருந்து தெரிந்தது.

*

கம்பைலர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் யுபிஎஸ்ஸுக்குப் பேட்டரி வாங்க உத்திரமேரூர் போனோம். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். வெயிலுக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம்.

அந்தச் சுவரைப் பற்றிப் பள்ளியில் படிக்காதவர் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919இல் ஒரு கல்வெட்டு, 921இல் இன்னொன்று. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகள். இரண்டே வருஷத்தில் விதியைத் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். எனக்கு அது புதிய வெர்ஷன் என்றுதான் தோன்றும்.

30 குடும்புகள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிடக்கூடாது இல்லையா? அவர் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் வரவே முடியாது.

மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "சூப்பர் மாமா. நம்ம தாத்தாவோட தாத்தா யாராச்சும் வாரியத்துல இருந்திருப்பாங்களா?"

இருந்திருக்க மாட்டார்கள். வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரம்மதேய ஊரின் சபை. ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது; அந்த ஏரித் தண்ணீரில் சேற்றில் இறங்கி உழைத்தவர்களின் பெயர் குடத்துக்குள் போனதில்லை.

"அப்போ பொண்ணுங்களும் இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் பாக்கற மாரி எழுதி மட்டும் வச்சிருக்காங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பெட்டிக்குச் செய்ததும் அதுதானே? மூல நிரலைச் சுவரில் வெட்டியதுபோல் இணையத்தில் போட்டோம். யாரும் படிக்கலாம். ஓலையைக் குடத்தில் போடும் உரிமையை மட்டும் எங்களிடமே வைத்துக்கொண்டோம். கல்வெட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விரித்த ஐந்து விரல் பெரிய விஷயம், அதைச் சுவரில் எழுதி வைத்தது இன்னும் பெரிய விஷயம். ஆனால் படிக்க முடிவது வேறு, உன் பெயரும் குடத்துக்குள் இருப்பது வேறு. திறந்த மூலம் என்று மேடையில் பேசும்போது நான் இவ்வளவு காலம் முதலாவதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

*

அன்று ராத்திரி லேப்டாப்பின் பேட்டரியைக் கழற்றி, கீபோர்டையும் பாம் ரெஸ்டையும் எடுத்தோம். சிப்பின் எட்டுக் கால்களைக் கிளிப்பால் கவ்வவைத்து, இன்னொரு முனையை ராஸ்பெர்ரி பை பிக்கோவில் சொருகினோம். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஹெச்341ஏ புரோகிராமர்கள் பலவற்றில் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் போகும்; இந்தச் சிப்புக்கு 3.3தான் ஆகும். ஃப்ளாஷ்ராமால் பழைய ஃபர்ம்வேரை இரண்டு முறை படித்து, இரண்டின் ஹாஷையும் ஒப்பிடச் சொன்னேன். அவள் ஒரு கோப்பின் எண்ணை வாசிக்க, நான் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டே திரும்ப வாசித்தேன். முதல் தடவை பொருந்தவில்லை, கிளிப் நழுவியிருந்தது. மறுபடி கவ்வவைத்தோம். மூன்றாம் தடவையில் கடைசி எழுத்துவரை ஒன்றானது. ஒரிஜினலைப் பென்டிரைவில் போட்டு வைத்தோம்.

பிறகு மேல் சிப்புக்கான 4 எம்பியை வெட்டி எழுதினோம். எழுதி, சரிபார்த்து, கிளிப்பை எடுத்து, பட்டனை அழுத்தினோம். இரண்டு மூன்று நொடி கறுப்பு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சீபயாஸ் என்று ஒரு வரி வந்தது.

"மாமா, இப்போ இதுக்கு சாவி யார்ட்ட?"

"பூட்டே இல்ல. வேணும்னா நீ ஒண்ணு போட்டு, சாவிய நீயே வச்சிக்கலாம்." அவளுக்கே கொடுத்துவிட்டேன் அந்த மெஷினை, கான்ஃபிக் கோப்பையும் பென்டிரைவையும் சேர்த்து.

பெரியப்பாவின் பெட்டிக்கு இந்த முடிவு கிடையாது. பழைய கம்பெனிக்கு இரண்டு மெயில் போட்டேன். சாவி இப்போது யாரிடம் என்றே அங்கே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. புதிய வேலையில், போன மாதம் ஒரு டிசைன் மீட்டிங்கில் பூட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் கேட்டேன்: சப்போர்ட்டை நிறுத்தும் நாளில் வாங்கியவர் தன் சாவியைப் போட்டுக்கொள்ள ஒரு வழி வைப்போமா? 'நல்ல பாயின்ட்' என்றார்கள். மினிட்ஸில் ஒரு வரி ஏறியிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மீட்டிங்கிலும் கேட்பேன்.

ஒருநாள் பெரியப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். பூட்டியது நான், என்னிடமும் சாவி இல்லை என்று. அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"பூட்டறவன் ஒரு சாவிய வூட்ல குடுத்துட்டுப் போவ மாட்டானாடா?" என்றார் அவ்வளவுதான்.

இந்த வாரம் ராத்திரி முறை. பன்னிரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். நானும் கூடவே நடந்தேன்.